டயலில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்': கடிகாரத்தைச் செய்தது யார்?

மணிமுள்:

வணக்கம். இரண்டு பழைய பொருட்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

முதலாவது பாக்கெட் கடிகாரம். வெள்ளை எனாமல் டயல், ரோமன் எண்கள், 6-க்கு மேலே சின்ன விநாடி வட்டம். டயலில் கறுப்பு ஆங்கில எழுத்தில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்'. (அந்த 'ஆர்' ஒரு தனி எழுத்து அல்ல, ஓ-ஆர்-ஆர் என்று எழுதும் குடும்பப் பெயர்.) முன்பக்கம் மூடி கிடையாது. பின்மூடியின் உட்புறம் 0.935 என்ற எண், பக்கத்தில் பொடிப்பொடியாக மூன்று மிருக முத்திரைகள், கீழே ஐந்து இலக்க எண். கிரௌனுக்கு (சாவி கொடுக்கத் திருகும் தலை) அருகில் கேஸ் (வெளிக்கூடு) விளிம்பில் ஒரு சிறு பித்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாவி கொடுக்கப் பார்த்தால் கிரௌன் இறுக்கமாக நிற்கிறது. ஓடவில்லை.

இரண்டாவது வெள்ளிப் பால் குவளை. சுற்றிலும் வளைவுகளுக்குள் சாமி உருவங்கள், கைப்பிடி படமெடுத்த பாம்பு. அடியில் அதே நிறுவனத்தின் முத்திரையும், ஊசியால் கீறியது போல '18' என்ற எண்ணும் உண்டு. எடை 207 கிராம்.

இரண்டும் மவுண்ட் ரோடு பட்டறையிலேயே செய்தவையா? எந்தக் காலம்? கடிகாரத்தை ஓட வைக்க முதலில் என்ன செய்வது?

கோட்டைமணி:

நிறுவனத்தின் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும். பீட்டர் ஆர் ஸ்காட்லாந்துக்காரர், கடிகாரத் தொழிலாளி. 1843-இல் மதராஸ் வந்து, ஏற்கெனவே இங்கே கடிகார வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜார்ஜ் கார்டன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1840-களின் முடிவுக்குள் அந்தத் தொழில் அவர் கைக்கு வந்து அவர் பெயரிலேயே நடக்கத் தொடங்கியது. 'சன்ஸ்' பிற்பாடு மகன்கள் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்டது. அதனால் 'அண்ட் சன்ஸ்' இருக்கும் பொருள் அந்தத் தொடக்க வருடங்களைச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

மவுண்ட் ரோட்டில் நாற்புறமும் கடிகார முகம் வைத்த கோபுரத்தோடு நிற்கும் கட்டடம் 1879-இல் திறக்கப்பட்டது. வரைந்தவர் சிஸோம். கடற்கரையோரம் செனட் ஹவுஸ் கட்டிய அதே சிஸோம்தான். 'மெட்ராஸ் அண்ட் ரங்கூன்' என்று இரண்டு ஊர்ப் பெயரும் போட்ட பொருட்களும் கிடைக்கின்றன. உங்களுடையதில் மெட்ராஸ் மட்டும்தான் என்றால் அதை வைத்து மட்டும் காலம் சொல்லிவிட முடியாது.

கடிகாரம், நகை, வெள்ளிச் சாமான் மூன்றும் ஒரே கடையில் ஏன் என்று பலர் கேட்பார்கள். அந்தக் காலத்தில் இது வழக்கமான சேர்க்கைதான். கல்கத்தாவில் ஹாமில்டன், குக் அண்ட் கெல்வி எல்லாரும் இதே பாதை. கடிகாரக் கேஸ் வெள்ளி அல்லது தங்கம். அதைப் பற்றவைக்கவும் நெளிவு எடுக்கவும் பொற்கொல்லர் தேவை. பரிசுக்காக ஒரு கடிகாரம் வாங்குகிறவர் பெயர் பொறிக்கச் சொல்வார், செயினும் வாங்குவார். வாடிக்கையாளர் ஒரே ஆள். உள்ளே வேலை செய்கிற ஆட்கள்தான் வேறு வேறு.

சாவிக்கொத்து:

ஆர் நிறுவனத்தில் நல்ல பட்டறை இருந்தது. டயலில் பெயர் போட்ட கடிகாரமெல்லாம் மெட்ராஸிலேயே முழுக்கச் செய்ததுதான். மூன்று மிருகம் கரடியாக இருந்தால் அது பெர்ன் நகரத்தின் சின்னம், கேஸ் மட்டும் அந்த ஊரில் செய்து வாங்கியிருப்பார்கள்.

மெஷின்காரர்:

சாவிக்கொத்து, இரண்டுமே சரியில்லை என்பதால் குறுக்கிடுகிறேன்.

டயலில் இருக்கும் பெயர் விற்றவர் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் ஐரோப்பியக் கடைகள் விற்ற பாக்கெட் கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ சுவிட்சர்லாந்திலோ செய்து, கடைப் பெயரை டயலில் சுட்டு அனுப்பியவை. இங்கே பட்டறையில் நடந்தது வேறு வேலை: கப்பலில் வந்த மெஷினைத் திறந்து சுத்தம் செய்து எண்ணெய் விட்டு, சில நாள் ஓடவிட்டு நேரம் திருத்திக் கொடுப்பது. உடைந்த பேலன்ஸ் ஸ்டாஃப் (ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) கடைவது, மெயின்ஸ்பிரிங் (சக்தி தரும் சுருள்) மாற்றுவது. அது குறைந்த வேலை என்று நினைக்காதீர்கள். மதராஸ் ஈரத்தில் ஒரு மெஷின் பத்து வருடம் தாங்குவதா, இரண்டே வருடத்தில் துருவேறுவதா என்பது அந்தக் கையில்தான் இருந்தது.

இனி கரடி. மூன்று கரடி பெர்ன் நகர முத்திரை இல்லை, சுவிட்சர்லாந்து நாடு முழுவதுக்குமான வெள்ளித் தர முத்திரை. அங்கே 1880-களின் தொடக்கத்தில் வந்த விதிப்படி 0.875 வெள்ளிக்கு ஒரு கரடி, 0.800-க்கு ஒரு காட்டுக்கோழி. பிரிட்டனில் 1887-இல் வணிகக் குறிச் சட்டம் வந்தபோது, அந்தச் சந்தைக்காக ஸ்டெர்லிங்கைவிடச் (0.925 வெள்ளி) சற்று மேலான 0.935 தரத்தை எடுத்துக்கொண்டு மூன்று கரடி அடித்தார்கள். ஆக உங்கள் கேஸ் 1887-க்குப் பிந்தியது. மேல் எல்லைக்கு இன்னொரு துப்பு உண்டு. 1907 ஜூன் 1 முதல் பிரிட்டனுக்குள் இறக்குமதியாகும் கடிகாரக் கேஸுக்கு அங்கேயே ஹால்மார்க் (தரச் சோதனை முத்திரை) அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் நேராக இந்தியாவுக்குக் கப்பலேறிய கடிகாரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் 'ஆங்கில முத்திரை இல்லையே, அப்போ 1907-க்கு முந்தியது' என்ற கணக்கு மதராஸ் கடிகாரத்துக்கு நிற்காது. இந்தத் தப்பை ஏலக் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கலாம்.

கிரௌன் பக்கத்துப் பித்தான் முள் திருப்புவதற்கு. நகத்தால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிரௌனைச் சுற்றினால் முள் நகரும், விட்டால் சாவி ஏறும். கிரௌனை வெளியே இழுக்கவே கூடாது. இப்போதைய கைக்கடிகாரப் பழக்கத்தில் இழுத்து ஸ்டெம்மை (கிரௌனின் தண்டை) பிடுங்கிவிடுவது இந்த வகையில் சகஜமான விபத்து.

இறுகி நிற்பது 'அதிகமாகச் சாவி கொடுத்ததால்' இல்லை. சுருள் முழுக்க ஏறியபின் கிரௌன் நிற்பது இயல்பு. ஏறிய சுருள் இறங்காமல் இருப்பதற்குக் காரணம் பிசினாகிப்போன எண்ணெய், அல்லது முறிந்த பிவட் (அச்சின் மெல்லிய முனை). அந்தச் சக்தி இன்னும் பேரலுக்குள் (சுருள் இருக்கும் டப்பா) அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அதை இறக்காமல் பேலட்டின் (சக்கர வரிசையைத் தடுத்துத் தடுத்து விடும் பாகம்) பாலத் திருகைத் தளர்த்தினால், மொத்தச் சக்கர வரிசையும் ஒரு நொடியில் அவிழ்ந்து பிவட்டுகள் ஒடியும்.

மெஷினைக் கழற்றாமலே பார்க்கக் கூடியவை: பின்மூடியை விளிம்பில் இருக்கும் சிறு உதட்டில் கட்டைவிரல் நகத்தால் தூக்குங்கள். கத்தி வேண்டாம். உள்ளே இரண்டாவது மூடி இருக்கும், அதையும் அப்படியே. பிறகு கடிகாரத்தை மெதுவாகச் சுழற்றினால் பேலன்ஸ் வீல் தானாக ஆட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் ஸ்டாஃப் போயிருக்கிறது. ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸோடு இணைந்த மெல்லிய சுருள்) சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் எண்ணெயோ காந்தமோ. ஒரு சிறு திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தால் காந்தம் தெரிந்துவிடும். நீலச் சுருளில் பழுப்புப் புள்ளி இருந்தால் துரு, அது மோசமான செய்தி.

என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

மணிமுள்:

மிக்க நன்றி. திறந்து பார்த்தேன். பேலன்ஸ் நேராக இருக்கிறது, ஆடுகிறது, ஆனால் நாலைந்து அசைவில் நின்றுவிடுகிறது. வளையத்தில் இரண்டு இடத்தில் வெட்டு, சுற்றிலும் பொடித் திருகுகள். சிவப்புக் கற்கள், எண்ணிப் பார்த்ததில் 15 இருக்கலாம். தகட்டில் யார் பெயரும் இல்லை. ஒரு இடத்தில் கூட்டல் குறி போல் ஒரு சிறு சிலுவை. ஹேர்ஸ்பிரிங்கில் துரு எதுவும் தெரியவில்லை. உள்மூடியில் பழைய துளை எதுவும் இல்லை.

மெஷின்காரர்:

நல்ல மெஷின். கூட்டல் குறி என்பது சுவிஸ் காப்புரிமைக் குறி. அங்கே காப்புரிமைச் சட்டமே 1888 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கரடியும் சிலுவையும் ஒரே காலத்தைச் சொல்கின்றன. 1888-க்கும் முதல் உலகப் போருக்கும் இடையில் என்று நம்பி எழுதிக்கொள்ளலாம். வெட்டுள்ள வளையம் பித்தளையும் இரும்பும் சேர்த்து உருக்கியது. சூடு ஏறினால் வெட்டு முனைகள் உள்ளே வளைந்து, ஹேர்ஸ்பிரிங் தளர்வதை ஈடுகட்டும். அந்த முனைகளை விரலால் தொடாதீர்கள், ஒரு நெளிவு விழுந்தால் சமன் போய்விடும்.

துளை இல்லை என்று சொன்னது முக்கியம். உள்மூடியில் சாவித் துளை இருந்து உள்ளே கிரௌன் மெஷின் இருந்தால், அது வேறு கேஸில் உட்காரவைத்த மெஷின். அதேபோல் கேஸ் விளிம்பில் இப்போது திருகு இல்லாத இடங்களில் பழைய திருகுத் தடம் தெரிகிறதா பாருங்கள். டயலில் விநாடி வட்டத்தின் துளை மெஷினின் விநாடி அச்சுக்கு நேர் நடுவில் வர வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் டயல் பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம்.

டயல் பெயரை 10 மடங்கு லூப்பில் (சிறு பூதக்கண்ணாடி) பாருங்கள். எனாமலில் சுட்ட எழுத்து கண்ணாடிப் பளபளப்புக்குள் அமிழ்ந்திருக்கும், ஓரம் கொஞ்சம் மென்மையாக. புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் இக்கால அச்சு. ஒரு எச்சரிக்கை: எண்கள் உயர்ந்த சூட்டில் சுட்டவை, ஆனால் கடைப் பெயரைப் பிற்பாடு தனியாகக் குறைந்த சூட்டில் போட்ட டயல்களும் உண்டு. விரிசலில் அழுக்கை எடுக்க டயலைப் பல்செட் மாத்திரைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதில் எண்கள் அப்படியே இருக்க, 'மெட்ராஸ்' மட்டும் கரைந்துபோன டயல்கள் உண்டு. பெயர் போனால் அந்தக் கடிகாரத்தின் வரலாறே போயிற்று.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, பேலட் கற்களும் (பேலன்ஸ் அச்சில் இருக்கும்) ரோலர் கல்லும் அரக்கால் ஒட்டியவை. ஸ்பிரிட்டிலோ ஆல்கஹாலிலோ போட்டால் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும். அந்த இரண்டு பாகத்துக்கும் பெட்ரோலிய பென்ஸின், அதுவும் சில விநாடிகள் மட்டும். இரண்டு, பழைய நீல மெயின்ஸ்பிரிங் முறிந்திருந்தால் 'பொருந்துவது போல' ஒன்றைப் போடக் கூடாது. அகலம், தடிமன், நீளம் மூன்றும் அளந்து போட வேண்டும். தடித்த சுருள் போட்டால் பேலன்ஸ் வரம்பு மீறி வீசி, ரோலர் கல் லீவரின் (பேலட்டைத் தாங்கும் நெம்புகோல்) முதுகில் மோதும். அப்போது கடிகாரம் ஒரு நாளில் பல நிமிடம் முந்தும். சக்தி போதவில்லை என்று இன்னும் தடித்ததைப் போடுவது அடுத்த தப்பு. பேரலுக்குள் சுருள் பிடிக்கும் இடம், ஆர்பரை (நடு அச்சை) விட்டுவிட்டு மிஞ்சும் பரப்பில் பாதி. அதற்கு மேலும் கீழும் போனால் சுற்றுகள் குறையும்.

டயலைக் கழற்ற வேண்டியிருந்தால் மெஷின் விளிம்பில் இருக்கும் இரண்டு மூன்று குட்டித் திருகுகளைத் தளர்த்தியபின்தான் தூக்க வேண்டும். நெம்பினால் எனாமல் வெடிக்கும். செய்தவரின் முத்திரை கிடைக்கும் என்றால் அது பெரும்பாலும் டயலுக்கு அடியில் மறைந்திருக்கும், எனவே சர்வீஸின்போது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கோட்டைமணி:

இதைவிடப் பழையது வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு குறிப்பு. சாவித் துளை உள்ள, கனமான ஆங்கிலக் கடிகாரம் என்றால் உள்ளே பேரலிலிருந்து கூம்பு வடிவ ஃபியூஸிக்கு ஒரு நுண்சங்கிலி ஓடும். இவற்றின் கேஸில் லண்டன் என்றால் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாம் என்றால் நங்கூரம், செஸ்டர் என்றால் மூன்று கதிர்க்கட்டுடன் வாள். கூடவே நடக்கும் சிங்கமும் ஆண்டு எழுத்தும். லண்டனில் 20 எழுத்துகள் சுற்று, 1876-இல் பெரிய 'ஏ'-யில் தொடங்கியது ஒன்று. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கேடயத்தையும் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்துச் சொன்னால் இருபது வருடம் தவறும். அரசியின் தலை முத்திரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கடிகாரக் கேஸுக்கு 1798 முதல் வரி விலக்கு, அதனால் அந்த முத்திரை அதில் வராது.

ஃபியூஸி மெஷினில் சக்தியை இறக்குவது வேறு விதம். டயலை எடுத்தபின் பேரல் ஆர்பரின் சதுர முனையில் சாவியைப் பொருத்தி, அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு செட்-அப் கிளிக்கை (ஆர்பரைப் பிடித்து வைக்கும் தடுப்பு) விடுவித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விட வேண்டும். சங்கிலி தொய்ந்து கிடக்கும்போதுதான் மற்ற திருகு. சங்கிலி அறுந்தால் பல சமயம் கொக்கியின் பக்கத்தில் ஒரு கண்ணிதான் போயிருக்கும், ரிவெட் போட்டு மீட்டுவிடலாம். கொக்கிகள் இரண்டும் ஒரே மாதிரி அல்ல என்பதை மறந்து தலைகீழாக மாட்டினால் முதல் சுற்றிலேயே வழுக்கும்.

உரைகல்:

குவளை பற்றி. நீங்கள் சொல்வது 'ஸ்வாமி வேலை' என்று வியாபாரத்தில் பெயர் பெற்ற மதராஸ் பாணி. பால் குவளை, தேநீர்க் கூஜா, சர்க்கரைக் கிண்ணம் எல்லாம் ஐரோப்பிய வடிவம், மேலே தென்னிந்தியக் கோயில் சிற்பத்தின் உருவங்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் மதராஸ் வந்த பயணத்துக்குப் பிறகு இந்தப் பாணிக்கு இங்கிலாந்தில் தேவை கூடியது. இதுதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கடிகாரம் கடல் கடந்து வந்தது, குவளை இங்கேயே செய்தது. வரைபடமும் விற்பனையும் ஆங்கில நிறுவனம், கை நம் கம்மாளருடையது. அவர்கள் பெயர் எதிலும் இல்லை, அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

செய்முறை தெரிந்தால் அசலைக் கண்டுபிடிப்பது எளிது. வெள்ளித் தகட்டை அடித்துக் குவளை வடிவமாக்கி, உள்ளே இளகிய அரக்குக் கலவையை ஊற்றி இறுகவிடுவார்கள். மேலிருந்து உளி வைத்துத் தட்டும்போது கீழே அரக்கு தாங்கும். உருவத்தின் மொத்தப் புடைப்பை உள்ளிருந்து தள்ளி, முகம், அணி, மடிப்பு எல்லாம் மேலிருந்து சின்ன உளியால் கீறி முடிப்பார்கள். பிறகு சூடுபடுத்தி அரக்கை வடித்துவிடுவார்கள். அதனால் குவளைக்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சாமிக்கும் நேர் பின்னால் குழி இருக்க வேண்டும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் இரண்டு சாத்தியம்: வார்ப்பு, அல்லது உள்ளே தனி வெள்ளி உறை போட்டது. உறை என்றால் வாயோரத்தில் ஒட்டுக் கோடு தெரியும். வார்ப்பில் எல்லா உருவத்தின் மூக்கும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும், பள்ளங்களில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். கைவேலையில் பக்கத்துப் பக்கத்து உருவங்கள்கூட அச்சாக ஒத்துப்போகாது.

அந்த '18' எனக்குப் பிடித்த பகுதி. அது தோலா எடையாக இருக்க வேண்டும். ஒரு தோலா 180 கிரெயின், 11.66 கிராம். 18 தோலா என்றால் 209.9 கிராம். உங்கள் தராசில் 207. நூறு வருடத்துக்கு மேலான தேய்ப்பில் மூன்று கிராம் போனது கணக்குக்கு மிகப் பொருந்துகிறது. பிற்பாடு கைப்பிடி மாற்றியிருந்தாலோ உடைந்த காலைச் சேர்த்திருந்தாலோ இந்த எண் இவ்வளவு நெருங்கி வராது.

தரத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் அப்போது அரசு முத்திரைச் சாலை கிடையாது. கடை முத்திரைதான் உத்தரவாதம். ஆங்கில ஹால்மார்க் போலவே சிங்கம், யானை, எழுத்து என்று சொந்தமாக அடித்துக்கொண்ட கடைகளும் உண்டு, அவற்றை வைத்து ஆண்டு தேடினால் ஏமாறுவீர்கள். உருக்குவதற்கு எளிதில் கிடைத்த வெள்ளி, வெள்ளி ரூபாய். ஒரு ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா, 180 கிரெயினில் 165 கிரெயின் சுத்த வெள்ளி, அதாவது 916.6. அதனால் உரைத்துப் பார்த்து 925 வரவில்லை என்றால் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

உரைப்பதைவிட நல்ல வழி, பொருளைக் காயப்படுத்தாத வழி, தண்ணீர்ச் சோதனை. தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். குவளையை மெல்லிய நூலில் கட்டி முழுக்க மூழ்கவிடுங்கள், அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது, உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கன செ.மீ.-இல் கன அளவு. உங்களுக்கு 20-ஐ ஒட்டி வந்தால் (207-ஐ வெள்ளியின் அடர்த்தியான 10.3-ஆல் வகுத்தது) நல்ல வெள்ளி. 24-ஐ நெருங்கினால் ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத உலோகக் கலவை). இடையில் தொங்கினால் பாம்புக் கைப்பிடி உள்ளே பொள்ளலா, அரக்கு மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அரக்கு மிச்சம் இருக்கும் பொருளை வெந்நீரில் போடவே கூடாது. இளகி ஒழுகும், அதன் பிறகு புடைப்பைத் தாங்க எதுவும் இருக்காது.

மணிமுள்:

உள்ளே குழிகள் தெளிவாக இருக்கின்றன. இருமுறை மூழ்கவைத்தேன், 20.3 வந்தது. பள்ளங்களில் கறுப்பு ஏறியிருக்கிறது, திருநீறு போட்டுத் துலக்கலாமா?

உரைகல்:

20.3 அருமை, வகுத்தால் 10.2. வெள்ளிதான், சந்தேகம் வேண்டாம்.

திருநீறு வேண்டாம், புளியும் வேண்டாம், முக்கி எடுக்கும் திரவமும் வேண்டாம். சாம்பல் துகள் மூக்கையும் நெற்றியையும்தான் முதலில் தேய்க்கும், ஏனென்றால் அவைதான் மேலே நிற்கின்றன. முக்கும் திரவம் பள்ளத்துக் கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். அந்தக் கறுப்பு இருந்தால்தான் உருவம் ஆழமாகத் தெரியும். நைஸான சுண்ணக்கட்டிப் (சாக்) பொடியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் குழைத்து, பஞ்சுக் குச்சியால் மேடுகளை மட்டும் துடையுங்கள். பாம்பின் செதிளில் ஒட்டிய பொடியை மெல்லிய தூரிகையால் எடுத்து, உடனே உலர்த்துங்கள். அடியில் கீறிய '18'-ஐத் தொடவே வேண்டாம். வைக்கும்போது ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் படாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் ஒரே மழைக்காலத்தில் கோடு போட்டது போல் கறுப்பாக்கிவிடும்.

சாவிக்கொத்து:

கரடி விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி, மெஷின்காரர். ஒரு சந்தேகம். இதே பெயரோ 'ரயில்வே ரெகுலேட்டர்' என்ற வாசகமோ போட்ட பெரிய நிக்கல் கேஸ் கடிகாரங்கள் விற்பனைக்கு வருகின்றன. அவையும் இதே தரமா?

மெஷின்காரர்:

பெரும்பாலும் இல்லை. அந்த வாசகம் எந்த ரயில்வேயின் சான்றும் அல்ல, விற்பனை வாசகம். பின்மூடியில் ரயில் படம் இருந்தால் உள்ளே ரோஸ்கோப் வகை மெஷினை எதிர்பாருங்கள். 1867-இல் ரோஸ்கோப் உழைப்பாளிகளுக்காகக் குறைந்த பாகங்களோடு விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு. கல் பேலட்டுக்குப் பதில் இரண்டு இரும்பு ஊசிகள், நடுச் சக்கரம் கிடையாது, முள்ளை பேரலே ஒரு உராய்வுச் சக்கரம் வழியாக ஓட்டும். அதன் இரண்டு நோயும் அங்கேதான். ஊசி தேய்ந்து பள்ளம் விழுந்தால் நின்று நின்று ஓடும். உராய்வுச் சக்கரம் தளர்ந்தால் டிக்டிக் சத்தம் குறையாமல் கேட்கும், முள் மட்டும் பின்தங்கும். இரண்டாவதைச் சக்கரத்தை எடுத்து மெல்ல இறுக்கினால் சரியாகும். முதலாவதற்கு ஊசியைத் திருப்பியோ மாற்றியோதான் ஆக வேண்டும். மோசமான பொருள் இல்லை, ஆனால் 15 கல் லீவரின் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

மணிமுள், சர்வீஸ் முடிந்தபின் டயலுக்கு அடியில் எடுத்த படம் கிடைத்தால் இங்கே போடுங்கள். முத்திரை தெரிந்தால் மெஷின் எந்தத் தொழிற்சாலை என்று பார்த்துவிடலாம்.